திருவண்டப்பகுதியும் வானநூலும்

திருவாசகத்துள் மூன்றாவதாக நிற்கும் திருவண்டப்பகுதி, தில்லையில் அருளிச்செய்யப்பட்டதெனப் பெரியோர் வழங்கிவருவது. 182 அடிகளான் இயன்ற அகவல். இறைவனது பருமையையும் நுண்மையையும் ஒருங்கே வியத்தல் இதன் கருத்தென முன்னையோர் வகுத்துரைத்தனர். இவ்வகவலின் தொடக்கத்து ஆறு அடிகள் இஞ்ஞான்று பேசப்படுமாறு வேறு எக்காலத்தும் பேசப்பட்டிருத்தல் அரிது. மேற்றிசை வானநூலார் தொலைநோக்கியாற் கண்டவற்றை மணிவாசகப் பெருமான் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கண்டு பாடிவிட்டார் என்றும், ஆகலின் சைவம் விஞ்ஞானத்தால் நிலைநாட்டப்பெற்ற சமயம் என்றும் மேடைதோறும் கூறுவார் பலர். கேட்போர் கைகொட்டி மகிழ்கின்றனர். இக்கூற்று அன்பினாற் பிறந்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும், அன்பினாற் பிறந்ததெல்லாம் ஆராயாது கொள்ளற்பாலதன்று. இக்கூற்றால் திருவாசகத்திற்குப் பெருமை விளைகின்றதோ, அன்றிச் சிறுமை விளைகின்றதோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் அகவலின் அமைப்பை நோக்குவாம். அண்டங்களின் அளப்பரிய விரிவு தொடக்கத்தே சொல்லப்படுகின்றது; அவை 101 கோடிக்கு மேற்பட்டு விரிந்தனவென்பது அங்குப் பெறப்படும் பொருள். அத்துணை அண்டங்களும், வீட்டினுள்ளே நுழையும் ஞாயிற்றின் கதிரில் மிதக்கும் நுண்டுகள்போலச் சிறியனவாகத் தோன்றுமாறு இறைவன் பெரியனாய் நிற்கின்றான் என்பது உடன் வரும் பொருள். பின்னர், ஞாயிற்றில் ஒளியையும் திங்களில் தண்மையையும் தீயில் வெம்மையையும் நீரிற் சுவையையும் மண்ணில் திண்மையையும் வைத்தவன் அவனே என்று கூறப்படுகின்றது. அதன்மேல், பேரின்பக் கடலை முகந்தெழுந்த முகிலாக அவனை உருவகித்து, அருள்மழை பொழிந்த திறம் விரிக்கப்படுகின்றது. அவனைத் தேடினார் பலர்க்கும் அவன் ஒளித்தமை அடுத்து உரைக்கப்படுகின்றது. இறுதியில், அங்ஙனம் ஒளித்தவன் தன்னை ஒரு பொருளாகக் கொண்டு ஆட்கொண்டமையும், தன் உடலின் என்புத்துளை தோறும் அமுதம் நிறையச் செய்தமையும் அடிகள் நெஞ்சுருகிச் சொல்லி முடிக்கின்றார்.

இவ்வமைப்பை உற்றுநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அண்டங்களின் தொகை கூறுதல் அடிகளின் நோக்கமன்று. முதல் ஆறடிகளின் கருத்துச் சென்று முடிவது பெரியோன் என்னும் சொல்லிலேயாம். அண்டங்கள் அச்சொற்கு அளவுகோலாக வந்தனவே ஒழியத் தாமே பொருளாக வந்தனவல்ல. அப்பெரியோன்றானும் தன் பெருமையளவில் நின்றொழியாது, எளியனாய் ஓர் அடியவனது என்பினுள்ளும் புகுந்தான் என்பதே அகவலின் முடிபு. தொடக்கத்துப் பெருமை இறுதியின் எளிமைக்காகவே கூறப்பட்டது. தொடக்கத்து ஆறடிகளை மட்டும் வெட்டியெடுத்து வானநூற் செய்தியாக வழங்குவார், எஞ்சிய 176 அடிகளையும் இழந்தவராவர். எடுத்த ஆறடிகளின் பொருளையும் இழந்தவராவர்.

அற்றேல், அவ்வாறடிகளிற் கூறப்பட்ட தொகை வானநூலார் கண்ட தொகையோடு ஒத்தல் வியப்பன்றோ எனின், அதனையும் ஆராய்வாம். நம் ஞாயிறு ஓர் உறுப்பாக அமைந்த விண்மீன் தொகுதியே பேரண்டம் முழுவதும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானநூலார் பலர் கருதினர். எட்வின் ஹப்புள் என்பார் 1923இல் ஆந்திரமேதா எனப்படும் ஒளிப்படலத்துள் ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன் ஒன்றைக் கண்டு, அதனால் அப்படலத்தின் தொலைவைக் கணித்தார். 1925இல் அக்கணிப்பு அறிவிக்கப்பட்டபொழுது, அப்படலம் நம் தொகுதிக்குப் புறம்பே நெடுந்தொலைவில் உள்ள வேறொரு தொகுதி என்பது துணியப்பட்டது. அவர் பெயராலமைந்த வான்தொலைநோக்கி 1995இல் வானத்தின் மிகச் சிறியதோர் இடத்தையே பல நாள் நோக்கியபொழுது, அச்சிறு இடத்துள்ளே ஏறத்தாழ 3,000 தொகுதிகள் புலப்பட்டன. அதன்மேல் வைத்துக் கணித்தார் 10,000 கோடிக்குக் குறையாத தொகுதிகள் உளவென்றனர். 2016இல் வேறு சிலர் அத்தொகை 2 இலட்சம் கோடியாதல் கூடும் என்றனர். 2021இல், நெடுந்தொலைவு சென்றுள்ள ஒரு விண்கலத்தினின்று வானத்தின் இருளை அளந்தவர்கள், அத்தொகை அத்துணைப் பெரிதன்று, சில பத்தாயிரம் கோடிகளே என்றனர்.

இவற்றுள் எத்தொகை 101 கோடியோடு ஒத்தது? ஒன்றும் ஒத்திலது. 101 கோடிக்கு மேற்பட்டது என்பதே திருவாக்கு, மேற்பட்டது எத்தொகையாயினும் அதனுள் அடங்கும் எனின், எத்தொகைக்கும் பொருந்துவது எத்தொகையையும் மெய்ப்பிக்கமாட்டாது. 200 கோடி என்று கண்டாலும் பொருந்தும்; 2 இலட்சம் கோடி என்று கண்டாலும் பொருந்தும். அங்ஙனம் பொருந்துதல், அளவின்மையை உணர்த்தவந்த சொல்லென்பதைக் காட்டுமேயன்றி, எண்ணிக் கூறிய சொல்லென்பதைக் காட்டாது.

இனி, அண்டம் என்னும் சொல்லை விண்மீன் தொகுதி எனப் பொருள்கோடலும் மரபன்று. சிவாகமங்கள் கூறும் உலகமைப்பில் புவனங்கள் 224 ஆம். அவற்றுள் 108 நிவிர்த்தி கலையுள் அடங்குவன. பிரமாண்டங்கள் நிலத் தத்துவத்தின் எல்லையுள் நிற்பன. அந்நிலத் தத்துவமோ முப்பத்தாறு தத்துவங்களுள் கடைநிலையது. அதன்மேல் ஏனைப் பூதங்களும் தன்மாத்திரைகளும், மனம் முதலிய கருவிகளும், காலமும் நியதியும், அவற்றின் மேற்பட்ட சுத்த தத்துவங்களும் உள. இவ்வடைவு உயிர் படிப்படியாகக் கடந்து செல்லும் நெறியைக் காட்டவந்தது, காதங்களான் அளக்கப்படுவதன்று. இதனை ஒளியாண்டுகளான் அளக்கப்படும் இடப்பரப்போடு ஒன்றாக்குதல், நம் நூலையும் அறியாமை, பிறர் நூலையும் அறியாமை என இருவகை அறியாமைக்கும் இடனாம்.

தொகையை விடுத்து உவமையை நோக்குவாம். கதிரொளியில் மிதக்கும் துகளை உற்றுக் கண்டவர் மணிவாசகர் ஒருவர்மட்டும் அல்லர். வைசேடிக நூலார் அத்துகளைத் திரசரேணு என்று பெயரிட்டு, கட்புலனாம் பொருள்களுள் அதுவே மிகச் சிறியது என்றனர். அதற்கும் உறுப்புக்கள் உளவாதல் வேண்டும் என்று கருதி, மூன்று துவியணுகங்கள் கூடியது திரசரேணு, இரண்டு பரமாணுக்கள் கூடியது துவியணுகம் என்று அனுமித்தனர். உரோம நாட்டிலே கிறித்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த லுக்ரீஷியஸ் என்னும் புலவரும், இருண்ட அறையுட் புகும் கதிரில் துகள்கள் ஓயாது மோதியாடுதலைத் தம் நூலின் இரண்டாம் பகுதியிற் பாடினார். அதனினின்று அவர் பெற்ற துணிபு யாதெனின், அணுக்கள் தம்முள் மோதுதலானே உலகம் தோன்றிற்று, தேவர் இவ்வுலகை நடத்துவாரல்லர், ஆதலின் மக்கள் அவர்க்கு அஞ்ச வேண்டா என்பதாம்.

1827இல் ராபர்ட் பிரவுன் என்னும் மரநூலார், நீரிலிட்ட மகரந்தத்தின் நுண்பொடிகள் ஓயாது அசைதலை நுண்நோக்கியாற் கண்டார். 1905இல் ஐன்ஸ்டீன் அவ்வசைவிற்குக் கணக்கு வகுத்தார். பின்னர்ச் சில ஆண்டுகளுள் பிரான்சு நாட்டுப் பெரின் என்பார் அக்கணக்கைச் சோதனையால் உறுதிசெய்து, அணுக்கள் உண்மையில் உள்ளன என்பதை ஐயமற நாட்டி, 1926இல் நோபல் பரிசு பெற்றார். அறையினுட் கதிரில் ஆடும் துகள் பெரும்பாலும் காற்றோட்டத்தால் அலைக்கப்படுவது என்றும், பிரவுன் கண்ட அசைவு அதனினும் நுண்ணிய பொருள்களிற் புலப்படுவது என்றும் இன்று அறிகின்றோம்.

ஆக, கதிரிடைத் துகள் பலர் கண்ணுக்கும் புலனாயிற்று. வைசேடிகர் அதனிற் பரமாணுவை உணர்ந்தனர். லுக்ரீஷியஸ் அதனிற் கடவுளின்றி இயங்கும் உலகத்தை உணர்ந்தார். இக்காலத்தார் அணுவின் இயக்கத்தை அளந்தனர். மணிவாசகரோ, அண்டங்கள் அனைத்தும் அத்துகளின் அளவாய்த் தேய்ந்து நிற்ப, அவற்றைக் கடந்து நின்றவனை உணர்ந்தார். கண்ட பொருள் ஒன்று. கொண்ட பொருள் வேறு வேறு. இதனாற் பெறப்படுவது யாது? காட்சிப்பொருள் தன் பயனைத் தானே அறிவியாது என்பதாம். துகளை எத்துணை நுணுகி அளந்தாலும், இவ்வுலகு எதன்பொருட்டு என்னும் வினாவிற்கு அத்துகள் விடைகூறாது. லுக்ரீஷியசின் துகளும் மணிவாசகரின் துகளும் ஒன்றேயாகலின், துகளைச் சான்றாக அழைப்பார்க்கு அது இருதிறத்தும் சான்று பகரும்.

இவ்வுண்மையை நம் அளவைநூல் முன்னரே தெளிவித்துள்ளது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தே, அளவைகள் பலவாகக் கூறப்படினும் அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்றார். காட்சிதானும் வாயிற் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நால்வகைத்து. விஞ்ஞானம் கையாள்வன வாயிற் காட்சியும் அதன்வழிப்பட்ட கருதலும் ஆம். தொலைநோக்கி கண்ணின் நீட்சி. கணக்கு கருதலின் நீட்சி. அவ்விரண்டனையும் முன்னோர் கனவினும் எண்ணாத அளவிற்கு நீட்டியது விஞ்ஞானத்தின் பெருஞ்சிறப்பு. ஆயினும் எத்துணை நீட்டினும் கண் செவியாகாது. இன்பதுன்பங்களை உயிர் தன்னுள் உணரும் தன்வேதனைக் காட்சி தொலைநோக்கியின் முனையில் அகப்படாது. அன்றியும், அளவை என்பது உண்மையான் நோக்குமிடத்து உயிரின் அறிவாற்றலே என்பதும், கண் முதலாயின அதற்குக் கருவிகளே என்பதும் நம்மவர் துணிபு. காணப்படும் பொருளையே ஆராயும் நூல், காண்பானை ஒதுக்கிவைத்தே தன் தொழிலைத் தொடங்குகின்றது. அங்ஙனம் ஒதுக்குதல் அதன் முறைக்கு வேண்டுவதேயாம், குற்றமன்று. ஆனால், ஒதுக்கிவைத்ததை இல்லையென்று முடிப்பது குற்றமாம்.

இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஸ்டீவன் வைன்பெர்க் என்னும் பௌதிக அறிஞர், உலகத் தோற்றத்தின் முதல் மூன்று நிமிடங்களைப்பற்றி 1977இல் ஒரு நூல் எழுதினார். அதன் இறுதியில், பேரண்டம் நம் அறிவிற்கு எவ்வளவுக்கெவ்வளவு விளங்குகின்றதோ அவ்வளவுக்கவ்வளவு நோக்கமற்றதாகவும் தோன்றுகின்றது என்னும் கருத்தை வெளியிட்டார். நேர்மையான சொல் இது. இதனைக் கேட்டுச் சமயத்தார் பலர் சினந்தனர். சைவர் சினத்தற்கு இடமில்லை. சடப்பொருளினிடத்தே நோக்கம் காணப்படாது என்பது நம் சித்தாந்தமும் கூறுவதேயன்றோ? உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் உயிரின்பொருட்டு ஆயின என்பதும், மலத்தாற் கட்டுண்ட உயிர் பக்குவமெய்தற்கு அவை துணையாவன என்பதும் நம் கொள்கை. நோக்கம் உயிரைச் சார்ந்தது. உயிரை விலக்கிவிட்டு உலகை மட்டும் நோக்குவார்க்கு உலகம் நோக்கமற்றதாய்த் தோன்றுதல் இயல்பே. ஒரு கடிதத்தின் தாளையும் மையையும் எத்துணை நுண்ணிதாக நிறுத்து அளப்பினும், அஃது யார்க்கு எழுதப்பட்டது என்பது நிறையிற் புலப்படாது. வைன்பெர்க் தாம் அளந்ததைச் சரியாகவே அளந்தார். அவ்வளவையின் எல்லையே உண்மையின் எல்லையென்று கொள்வார் உளராயின், அவர் துணிபையே நாம் மறுக்கின்றோம்.

இனி, ஒரு சமயம் தன் கொள்கையை விஞ்ஞானக் கொள்கையொடு பிணித்தால் விளைவது யாது என்பதற்குப் பிறநாட்டு நிகழ்ச்சியொன்று நமக்குப் பாடமாம். பேரண்டம் விரிந்துவருவது என்பதை 1927இல் கணித்துக் காட்டியவரும், அஃது ஒரு முதலணுவினின்று தோன்றியதாதல் கூடும் என்று 1931இல் எழுதியவரும் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவாகிய லெமேத்ர் என்பவர். 1951 நவம்பரில் பன்னிரண்டாம் பயஸ் என்னும் போப்பு, தம் விஞ்ஞானக் கழகத்தின்முன் ஆற்றிய உரையில், இக்கொள்கை விவிலியத்தின் படைப்புரைக்குச் சான்றாக அமைந்தது என்னும் கருத்துப்பட மகிழ்ந்து பேசினார். அதுகேட்டு முதலில் மகிழ வேண்டியவர் லெமேத்ரே. ஆனால் அவர் மகிழ்ந்திலர்; கவலையுற்றார். தம் கணக்கு சமயக் கேள்விகளுக்குப் புறம்பே நிற்பது என்பதும், கடவுளை நம்புவாரும் நம்பாதாரும் ஒப்பப் பயிலத்தக்கது என்பதும் அவர் கொள்கை. அந்நாளில் அவர் கொள்கைக்கு எதிராக, உலகிற்குத் தொடக்கமில்லை என்று 1948இல் ஆங்கில நாட்டார் சிலர் வகுத்த கொள்கையும் வலிமையுடன் நின்றது. 1952இல் உரோமில் கூடிய வானநூலார் முன் போப்பு உரையாற்றியபொழுது அப்பிணிப்பைக் கூறாது விடுத்தார். 1965இல் வானமெங்கும் பரந்துள்ள நுண்கதிரொளி அறிவிக்கப்பட்டு லெமேத்ரின் கொள்கை வலுப்பெற்றது. அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். தம் கணக்கு வென்றபொழுதும் அதனைத் தம் சமயத்தின் வெற்றியாக அவர் கொண்டாடினாரல்லர். தோற்றிருப்பினும் அவர் வழிபாடு தளர்ந்திராது. தம் சமயத்தை அவர் அத்துணை ஆழத்தில் வேரூன்றச் செய்திருந்தார்.

இஃது அயலார் செய்தி என்று நாம் வாளா இருத்தற்கில்லை. மெய்கண்ட தேவரின் முதற் சூத்திரத்தையும் இப்பெருவெடிப்புக் கொள்கையையும் ஒன்றாக்கிப் பேசுவார் நம்மிடையும் உளர். உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் இயல்பினது, ஆகலின் அதற்கொரு வினைமுதல் வேண்டும் என்பது அச்சூத்திரத்தின் கருதல். அக்கருதலுக்கு ஆதாரம், நாம் காணும் பொருள்கள் அனைத்தும் மூவகைத் தொழிலுக்கு உட்படுதல். உலகிற்கு முதற்காரணமாகிய மாயையோ அநாதி என்பது நம் கோட்பாடு. ஒருமுறையே தோன்றிய உலகு என்பது நம் கோட்பாடன்று. பெருவெடிப்புக் கொள்கை நாளை திருத்தப்படினும் மெய்கண்டார் கருதலுக்கு இழுக்கில்லை. இன்று உறுதிப்படினும் அதனால் அதற்கு ஏற்றமுமில்லை.

இவற்றினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. இவ்வகவல் பிறந்த தில்லையைப்பற்றியே ஒரு பொய்யுரை நாடெங்கும் பரவியுள்ளது. கூத்தப்பெருமான் திருவடி ஊன்றிய இடம் பூமியின் காந்த நடுக்கோட்டின் மையம் என்றும், அதனை மேற்றிசை விஞ்ஞானிகள் பல ஆண்டு ஆராய்ந்து கண்டனர் என்றும் அன்பர்கள் தாள்களிலும் தொலைபேசிச் செய்திகளிலும் பரப்புகின்றனர். காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றிச் செல்லும் ஒரு கோடு. கோட்டிற்கு மையம் கூறுதல் பொருந்தாது. அக்கோடு நிலைத்து நிற்பதுமன்று, காலந்தோறும் பெயர்வது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் ஊர் அக்கோட்டிற்கு அணித்தாயிருந்தமை பற்றியே அங்கு இராக்கெட்டு ஏவுதளம் அமைக்கப்பட்டு, 1963 நவம்பர் 21இல் முதல் இராக்கெட்டு ஏவப்பெற்றது. தில்லையோ அவ்வூரினும் ஏறத்தாழ மூன்று பாகை வடக்கே உள்ளது. இவ்வளவும் பள்ளிச் சிறுவனும் நிலப்படம் கொண்டு அறியத்தக்கது.

இப்பொய்யால் விளையும் கேடு சிறிதன்று. ஓர் இளைஞன் இதனைத் தன் பாட்டனார் வாயாற் கேட்டு வளர்கின்றான். தில்லையின் பெருமை இதுவே என்று எண்ணுகின்றான். கல்லூரி சென்று ஒருநாள் இது பொய்யென்று அறிகின்றான். அந்நாளில் அவன் இழப்பது காந்தக்கோட்டை மட்டுமன்று. பாட்டனார் சொல்லிய ஏனைய அனைத்தையும் ஐயுறுகின்றான். திருவாசகத்தையும் அவற்றோடு சேர்த்துக் கட்டி மூலையில் இடுகின்றான். அவனைப் பழித்தல் தகாது. பொன்னைப் பித்தளைப் பெட்டியில் இட்டு, பெட்டியே பொன் என்று சொல்லிக் கொடுத்தவர் நாமன்றோ? மணிவாசகரும் நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும் காந்தக்கோட்டை அறிந்து தில்லையைத் தொழுதாரல்லர். சிற்றம்பலம் ஞானவெளி என்னும் உண்மை, ஊசி காட்டும் திசையை நோக்கி நிற்பதன்று. மேலும், மெய்ப்பொருளாகிய சிவத்திற்குப் பொய்யால் அணிசெய்தல் வழிபாடாகாது.

அற்றேல், விஞ்ஞானம் பாசஞானமே, அதனைச் சைவர் ஒதுக்கிவிடலாமோ எனின், கூடாது. உலகம் பொய்த்தோற்றம் என்னும் கொள்கையினர்க்கு உலகாராய்ச்சி வீண்முயற்சியாகத் தோன்றலாம். சித்தாந்திக்கு உலகம் உள்பொருள்; மாயையின் காரியம்; இறைவன் தன் அருட்சத்தியால் தொழிற்படுத்துவது. அவன் தொழிற்பட்ட களத்தைப் பழுதற அறிய முயல்வாரை நாம் மதித்தலே முறை. மாயையின் காரியங்களை நம் ஆசிரியர் இரவில் ஏற்றிய விளக்கிற்கு ஒப்பிடுவர். ஆணவ இருளிடையே அவ்விளக்கு உயிருக்குச் சிறிது அறிவு விளங்கச்செய்கின்றது. விளக்கை அவித்துவிட்டு இருளிற் கிடப்பது அறிவுடைமையன்று. விளக்கையே விடியல் என்று கொண்டாடுவதும் அறிவுடைமையன்று. நோயைத் தீர்க்கும் மருந்தும், பசியைத் தீர்க்கும் விளைவும், வானத்தை அளக்கும் கணக்கும் ஆகிய இவையெல்லாம் அவ்விளக்கின் ஒளியே.

இனி, நூலும் காட்சியும் மாறுபடுமிடத்துச் செய்வது என்னை எனின், காட்சிக்கு எட்டும் பொருளிற் காட்சியே வலியுடையது. அவ்விடத்து நூலின் கருத்து வேறென்று ஓர்ந்து கொள்ளல் வேண்டும். இது புதுவதாகப் புகுந்த சமாதானமன்று. இராகு கேதுக்கள் விழுங்குதலாற் கிரகணம் நிகழ்வதாகப் புராணங்கள் கூறும். பூமியின் நிழலானும் திங்களின் மறைப்பானும் நிகழ்வதெனச் சோதிட சித்தாந்த நூல்கள் கணிக்கும். ஜான் வாரன் என்னும் ஆங்கில அரசு அலுவலர், தமிழர் நாட்கணக்கைப்பற்றிய தம் நூலைச் சென்னையில் 1825இல் வெளியிட்டார். அதன்கண், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஏடு எதுவும் காணாது, மனப்பாடமான சொற்களைக்கொண்டே, தரையிற் சோழிகளைப் பரப்பிச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதைப் பதிந்துள்ளார். இத்தகைய கணிதர்கள் நிழற்கணக்கால் நாழிகை குறித்துக் கொடுத்தனர். அந்நாழிகையிலேயே அடியார்கள் நீராடிச் செபம் செய்தனர். கணக்கு வழிபாட்டைக் கெடுத்திலது; வழிபாடு கணக்கைத் திருத்த முற்பட்டிலது. ஒவ்வொன்றும் தன் இடம் அறிந்து நின்றது.

அங்ஙனமாயின், புதியன கண்ட செய்திகளைச் சைவன் எவ்வாறு பயன்கொள்வது? ஏதுவாகக் கொள்ளாது உவமையாகக் கொள்க. ஏது முறியின் அதனால் நாட்டிய பொருளும் முறியும். உவமையோ, பொருளை நாட்ட வந்ததன்று, நாட்டிய பொருளை நெஞ்சிற் பதிக்க வந்தது. மணிவாசகர் செய்தது இதுவே. தம் காலத்தார் அனைவரும் நாள்தோறும் கண்டு கழித்த துகளை அவர் எடுத்து, இறைவன் பெருமைக்கு உவமையாக்கினார். 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அனுப்பிய முதற்படங்களுள் ஒன்றை, மணலளவு இடத்துள் ஆயிரக்கணக்கான விண்மீன் தொகுதிகள் செறிந்து கிடக்கும் காட்சியை, நாம் கண்டோம். அதனைக் கண்டு, இத்துணையும் துகளாக நிற்ப ஒருவன் பெரியனாயின் அவன் எத்துணைப் பெரியன் என்று ஒருவர் நெஞ்சு குழைவாராயின், அவர் மணிவாசகர் நெறி நின்றவராவர். அதனைக் காட்டி, இதோ திருவாசகம் மெய்யாயிற்று என்று ஆர்ப்பரிப்பாராயின், திருவாசகத்தின் மெய்ம்மை அப்படம் வருங்காறும் ஐயத்துக்கிடமாய் இருந்ததென்று அவர் ஒப்புக்கொண்டவராவர்.

முடிவாக, இவ்வாராய்ச்சிக்கெல்லாம் விடையாய் நிற்கும் ஓர் இடம் அவ்வகவலினுள்ளேயே உண்டு. இறைவன் ஒளித்த திறங்களை அடுக்கிக் கூறுமிடத்து, இன்ன உபாயத்தால் அவனைக் கண்டுவிடுவோம் என்று துணிந்திருந்தார்க்கு, அவ்வுபாயத்தின்கண்ணேயே அவன் மறைந்தான் என்று அடிகள் அருளுகின்றார். ஆண்டு அவர் ஆண்ட சொல் தந்திரம் என்பது. அச்சொற்கு உபாயம் என்றும் நூல் என்றும் இருபொருளும் உண்டு. தொலைநோக்கி ஒரு தந்திரம். அதன்கண் கடவுளைக் காணவில்லை என்று மறுப்பார்க்கும், கண்டோம் என்று ஆர்ப்பார்க்கும் அவன் அதனுள் ஒளிக்கின்றான். நாம் இரவும் பகலும் விரித்து ஆராயும் சாத்திரமும் ஒரு தந்திரமே. அளவை கற்றோம், சூத்திரம் கற்றோம், இனி அவன் நம் கையகத்தான் என்று செருக்குவார்க்கு அவன் சாத்திரத்தினுள்ளும் ஒளிப்பன். ஆதலின் இவ்வெச்சரிக்கை விஞ்ஞானிக்கு மட்டும் உரியதன்று. இதனை எழுதுவார்க்கும் படிப்பார்க்கும் உரியது.

அங்ஙனம் எல்லாத் தந்திரத்தும் ஒளித்தவன், தேடும் வலியற்று நின்ற ஓர் எளியவனிடம் தானே வந்து வெளிப்பட்டான் என்பது அகவலின் இறுதி. அண்டங்கள் 101 கோடியோ, 2 இலட்சம் கோடியோ, வானநூலார் எண்ணுக, எண்ணித் திருத்துக, மீண்டும் எண்ணுக. அவர் எண்ணும் ஒவ்வொரு முறையும் அண்டங்களைத் துகளாக்கி நிற்பவனது பெருமை நமக்கு மேலும் நினைவு வருவதாகுக. அப்பெருமையை நினைந்த அளவில் நில்லாது, அவன் அடியார் என்பினுள் அமுதாய் நிறைந்த எளிமையை உணருங்காறும் இவ்வகவலை முதல் அடிதொட்டு இறுதி அடிகாறும் ஓதுதல் சைவ நன்மக்கள் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.